மெல்லச் செல்வோம், பூக்களைக் காண்போம்

மே மாதம் பிறந்ததும் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகின்றது. தேர்வுகள் முடிந்துவிட்டன, பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், வெயில் கூரையைப் பிளக்கின்றது. "எங்கேயாவது போகலாமே, அப்பா!" என்று அவர்கள் கேட்கும்பொழுது பெற்றோரின் நினைவு உடனே மலைமேல் ஏறுகின்றது. உதகை, கொடைக்கானல், இயலாவிடில் ஏற்காடு. மூன்று ஊர்களிலும் ஏரி உண்டு. மூன்றிலும் கோடையில் மலர்க்காட்சி உண்டு. உதகை ஏரியை ஜான் சல்லிவன் என்னும் ஆட்சியர் 1820-களில் அமைத்தார். கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் என்னும் ஆங்கில அதிகாரியின் முயற்சியால் உருவாயிற்று. ஆங்கிலேயர் தம் நாட்டுக் குளிரையும் தம் நாட்டுப் பூக்களையும் நாடி அமைத்துக்கொண்ட இடங்கள் அவை. இன்றோ அங்கே கோடை நெரிசல் தாளாமல், நீதிமன்ற ஆணையின்படி, 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு 'இ-பாஸ்' பெற வேண்டும் என்ற ஏற்பாடே வந்துவிட்டது.

மலைக்குச் செல்வோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் வடசென்னையில் வாழும் நம் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் முறைமாற்றி வேலை செய்யும் தந்தைக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு. மீனவர் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். ஓய்வு நிறைய உண்டு, வருமானம் இல்லை. இத்தகைய இல்லங்களிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் பூவையும் ஏரியையும் காண விரும்புகிறார்கள். அவர்களுக்கு யாது வழி?

வழி வடக்கே இருக்கிறது. இராயபுரத்திலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு ஏரி கிடக்கின்றது. வேகமாகச் சென்றால் இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடலாம். சென்ற கோடையில் நாமும் நம் அண்டை வீட்டார் மூன்று குடும்பத்தினரும் ஒரு வாடகை வேனில் அத்தொலைவைக் கடக்க ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டோம். புறப்படுமுன் ஒரே ஓர் ஒழுங்கு வகுத்தோம்: எங்கே பூ தென்படுகிறதோ அங்கே வண்டி நிற்கும், பூவின் பெயர் தெரிந்த பின்னரே நகரும். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, தனக்குத் தெரிந்த பூக்களின் பெயர்களை முதற்பக்கத்தில் எழுதச் சொன்னோம். ரோஜா, தாமரை, சூரியகாந்தி, மல்லிகை, டியூலிப் என்று ஐந்து எழுதினாள். டியூலிப்பை எங்கே கண்டாய் என்று கேட்டோம். நாட்காட்டியில் என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டோம். இராயப்பரின் பெயரால் வழங்குவது இராயபுரம் என்பர். அங்குள்ள இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களுள் அதுவே மிகப் பழையது. தென்னிந்தியாவின் முதல் இரயில் அவ்விடத்திலிருந்தே புறப்பட்டது. அதன் தூண்களைப் பார்த்தவாறே காசிமேட்டை அடைந்தோம். தடைக்காலமாதலின் விசைப்படகுகள் வரிசையாய்க் கட்டிக் கிடந்தன. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காகக் கடலுக்கே விடுமுறை அளிக்கின்ற காலம் இது. மனிதனுக்கும் அத்தகைய ஓய்வு வேண்டும் என்பதை அக்காட்சி வாய்திறவாமலே சொல்லிற்று.

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரமாகவே சாலை செல்கின்றது. அங்கே கரைமணலைக் காண்பது அரிது. அலையைத் தடுக்கக் கருங்கற்களைக் குவித்திருக்கிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. நம் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்லும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் எழும்பியபொழுது அம்மணலோட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகன்றது; வடக்கே மணல் வந்து சேராமல் கடல் கரையை அரித்தது. தென்சென்னை பெற்ற உலாவிடத்திற்கு வடசென்னை தன் கரையை விலையாகக் கொடுத்தது எனலாம். மணல் போன இடத்தில் மணலில் பூப்பவையும் போயின. அக்கற்களின் இடுக்கில் நாம் கண்ட ஒரே பூ எருக்கு. வெளிர் ஊதா நிறத்தில், நடுவில் சிறு மகுடம் வைத்தாற்போன்ற பூ. யாரும் விதைக்காமல், யாரும் நீர் ஊற்றாமல் நின்றது. குறிப்பேட்டின் இரண்டாம் பக்கத்தில் முதற்பெயர் அதுவாயிற்று.

திருவொற்றியூரில் சற்றுநேரம் தங்கினோம். அவ்வூர்த் தியாகராசர் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாரை மணந்தபொழுது, உன்னைப் பிரியேன் என்று இம்மகிழ மரத்தடியில் சூளுரைத்ததாகப் பெரியபுராணம் கூறும். கருவறை முன் சூளுரைக்கவே அவர் எண்ணினார். மகிழின்கீழ்ச் சூளுரைக்கக் கேட்டவர் சங்கிலியார் தரப்பினர். பின்னர் சொல் தவறி ஊர் எல்லையைக் கடந்தவுடன் அவர் கண்ணொளி இழந்தார் என்பது கதை. மகிழம்பூ மிகச் சிறியது, மங்கிய வெண்ணிறத்தது. இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். ஆகவே மரத்தில் அண்ணாந்து தேடுபவர்களைவிடத் தரையில் குனிந்து தேடுபவர்களுக்கே எளிதில் கிட்டும். உலர்ந்த பின்னும் பல நாள் மணம் மாறாது. தெருவோர மகிழ மரத்தின்கீழ்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பிடி பொறுக்கினார்கள். வண்டி வேகமாகச் சென்றிருந்தால் அம்மரம் வெறும் நிழலாகக் கடந்து போயிருக்கும்.

எட்டு மணியளவில் எண்ணூரை அடைந்தோம். நம்முடன் வந்தவர்களுள் எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி இருந்தார். எல்லாரும் அவரை 'ஆயா' என்றே அழைத்தோம். எண்ணூர்க் கழிமுகத்தையடுத்த குப்பம் ஒன்றில் பிறந்து, இராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். கொசத்தலை ஆறு கடலைச் சேரும் அவ்விடத்தில் பாலத்தருகே இறங்கினோம். கரையோரச் சேற்றில் எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போல் ஆயிரக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நின்றன. அவற்றின் நடுவே கண்டல் மரங்கள். சேற்றினுள் காற்றில்லாமையால் இம்மரம் தன் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகின்றது. உவர்நீரைக் குடித்து, மிகுந்த உப்பை இலை வழியே கசிய விடுகின்றது. அதன் பூவோ மிளகைவிடச் சற்றே பெரியது; மஞ்சள் நிறம்; நான்கே இதழ். "பூவைப் பார்க்காதடா, தேனீயைப் பாரு, அது காட்டிக் கொடுக்கும்" என்று ஆயா ஒரு சிறுவனிடம் சொன்னார். அவ்வாறே தேனீயைப் பின்தொடர்ந்த பின்னர்தான் நம் கண்களுக்கும் பூக்கள் புலப்பட்டன.

"நாங்க சின்ன வயசுல இங்கேதான் எறா பொறுக்குவோம். பறியப் பல்லால கடிச்சுக்கிட்டுக் கையால தடவிப் பிடிக்கறது. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் ஆயா. பறி என்பது பனையோலையால் முடைந்த கூடை. இரு கைகளும் நீருக்குள் இருப்பதால் கூடையை வாயில் கவ்விக்கொள்வர். இன்றும் இப்பகுதியில் அவ்வாறு இறால் பிடிப்போர் உள்ளனர். ஆனால் நீர் கண்ணாடிபோல் இல்லை. இக்கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள் எழுந்தன. நிலக்கரிச் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து ஆற்றில் படிந்தது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. படிந்த சாம்பல் மூடுண்டு போகவில்லை. அவ்வாண்டு சனவரி 28 அன்று துறைமுகத்திற்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரைநெடுகிலும் எண்ணெய் ஒதுங்கிற்று. மக்கள் அதனை வாளிகளால் அள்ளிய காட்சியை நாடே கண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியே இக்கழிமுகத்தில் பரவியது. படகுகள், வலைகள், வீட்டுச் சுவர்கள், கூழைக்கடாக்களின் சிறகுகள் யாவும் கறுத்தன. கண்டல் மரங்களின் மூச்சு வேர்களும் எண்ணெயில் தோய்ந்தன.

பூக்காணச் சென்ற இடத்தில் இதனை ஏன் சொல்கிறோம் என்று சிலர் எண்ணலாம். மூக்கை அடைத்தால் உயிர் தவிக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வேரையும் அவ்வாறே அடைக்கலாகாது என்பதை, அம்மரத்தின்கீழ் நின்று கேட்ட பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறவாது. கண்டல் விதை மரத்தில் இருக்கும்பொழுதே முளைவிடத் தொடங்கிவிடும். விழுந்த இடத்தில் விரைவில் வேரூன்றும். சேறு தூயதாய் இருந்தாற் போதும். அன்று நாம் கண்ட மரங்களின் அடியில் இளங்கன்றுகள் சில நின்றன. அவற்றைச் சிறுமி எண்ணினாள், பதினான்கு இருந்தன.

எண்ணூரைக் கடந்து அத்திப்பட்டு வழியாக மீஞ்சூர் நோக்கிச் சென்றோம். ஒருபுறம் புகைபோக்கிகள், மின்கம்பி தாங்கும் கோபுரங்கள், லாரி வரிசை. மறுபுறம் ஒரு காலத்தில் உப்பளங்களாய் இருந்த வெளிகள். இவ்விடத்தில் பூவேது என்று ஒருவர் கேட்டு முடிக்குமுன், ஒரு சுற்றுச்சுவருக்கு மேலே பொன்னிறச் சரங்கள் தொங்கின. சரக்கொன்றை! இலைகளை உதிர்த்துவிட்டு, வெயில் ஏற ஏறப் பூக்கும் மரம். அண்டை மாநிலமாகிய கேரளத்தார் இப்பூவை வைத்தே விஷு நாளைத் தொடங்குகின்றனர். சற்றுத் தொலைவில் செம்மயிற்கொன்றை தீப்பற்றியதுபோல் நின்றது. இது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம் என்றாலும், மே மாதத்தில் நம் தெருக்களை இதைப்போல் அழகு செய்வது வேறொன்றில்லை. மீஞ்சூருக்கு அப்பால் வாகை மணத்தது; வெளிர்பச்சை நூற்குஞ்சம் போன்ற பூ. வயல் வரப்பில் நுணா தன் வெண்மையான விண்மீன் பூக்களைக் காட்டியது. நுகத்தடி செய்ய இம்மரமே ஏற்றது என்று வண்டி ஓட்டி வந்த தம்பி சொன்னார். அவர் பாட்டனார் மாட்டுவண்டி வைத்திருந்தவராம். ஒவ்வொரு பூவுக்கும் நம்முள் ஒருவரிடம் ஒரு செய்தி இருந்தது. அதைச் சொல்ல ஓர் இடமும், கேட்க ஒரு பொழுதும் இவ்வளவு நாள் அமையாமற் போயின.

பொன்னேரியில் உறவினர் இல்லத்தில் இராத் தங்கல். அவ்வீட்டு வாசலில் ஒரு பூவரசு. பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதத் தொடங்கினார்கள்; இதனை எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை, எப்படியோ எல்லாப் பிள்ளைகளும் கற்றுவிடுகிறார்கள். அன்று பிற்பகல் பூவரசம்பூ மஞ்சளாய் இருந்தது. ஆயா ஒரு பூவின் காம்பில் நூல் கட்டச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "காலையில பாரு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் விடியலில் நூல் கட்டிய பூ சிவந்திருந்தது. பிள்ளைகள் அதை நம்பவில்லை. யாரோ பூவை மாற்றிவிட்டார்கள் என்று வாதிட்டார்கள். காலையில் பொன்னாய் மலர்ந்து, மாலையில் சிவந்து, வாடி உதிர்வதே பூவரசின் இயல்பு. ஓர் இரவு தங்குபவர்களுக்கு மட்டும் அது தன் இரண்டாம் நிறத்தைக் காட்டுகிறது.

ஞாயிறு அதிகாலை, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காட்டை அடைந்தோம். பழைய வேல மரக்காடு என்பதே இவ்வூர்ப் பெயரின் பொருள் என்பர். ஊரின் பெயரிலேயே ஒரு மரம் நிற்கின்றது. போர்த்துக்கீசியர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிய மகிமை மாதா ஆலயம் இங்குள்ளது. நம் பகுதியின் மிகப் பழைய பங்குகளுள் ஒன்று. அங்கே திருப்பலி கண்டோம். மே மாதம் மாதாவின் வணக்க மாதமாதலின் பீடத்தில் பூக்கள் நிறைந்திருந்தன. சிறுமி தன் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மகிழம்பூக்களை அங்கே வைத்தாள். முந்தின நாள் பொறுக்கியவை, மணம் மாறவில்லை.

பின்னர் கலங்கரை விளக்கத்துக் குப்பத்துக்குப் பாலம் கடந்து சென்று கடற்கரையில் இறங்கினோம். அங்கேதான் இப்பயணத்தின் மிகச் சிறந்த காட்சி காத்திருந்தது. மணல் மேட்டின்மேல் பச்சைக் கொடிகள் பின்னிப் படர்ந்திருந்தன. ஆட்டின் குளம்பு போலப் பிளந்த இலைகள். அவற்றினிடையே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல் வடிவப் பூக்கள், நூற்றுக்கணக்கில். சங்கப் புலவர் நெய்தல் நிலத்துக்கு உரியதாகப் பாடிய அடும்பு இதுவே. இன்று அடப்பங்கொடி என்பர். காலையில் விரிந்து, வெயில் முதிர்ந்தால் சுருங்கிவிடும் பூ. பத்து மணிக்கு மேல் வருபவர் இதனை முழுமையாய்க் காணார்.

"இது இருந்தா மணலு ஓடாது. மணலு இருந்தா கடலு உள்ள வராது" என்றார் ஆயா. இரண்டே வாக்கியங்களில் கடற்கரையின் அறிவியல் முழுவதையும் சொல்லிவிட்டார். காற்று கொண்டுவரும் மணல் இக்கொடியிலும், இராவணன் மீசை என்னும் முட்புல்லிலும் தட்டி நின்று மேடாகின்றது. அம்மேடு அலைக்குத் தடையாகின்றது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபொழுது, பிச்சாவரத்தில் கண்டற்காடுகளின் பின்னால் இருந்த ஊர்கள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பியதை அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். சேற்றுக்குக் கண்டல், மணலுக்கு அடும்பு. ஒன்று மிளகளவு பூ. மற்றது அரைநாள் பூ. இரண்டையும் எவரும் மாலையாகத் தொடுப்பதில்லை. ஆயினும் இக்கரையில் உறங்கும் குழந்தைகளைக் காப்பவை அவை. இராயபுரத்துக் கருங்கற்களை நினைத்துப் பார்த்தோம். அடும்பு செய்து வந்த வேலையைத்தான் அவை பெரும்பொருட்செலவில் செய்கின்றன. ஆனால் அவை பூப்பதில்லை.

ஏரிக்குத் திரும்பினோம். பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி தமிழகத்திலுமாகப் பரந்த இவ்வுவர்நீர்ப் பரப்பு, இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. கோடையில் நீர் வற்றி, முகத்துவாரத்தை மணல் அடைத்து, உப்பு மிகும். கரையோரத்து உமரிச் செடிகள் அவ்வுப்பில் சிவந்து, பட்டு விரித்தாற்போல் கிடந்தன. குளிர்காலத்தில் இங்கே கூடும் பூநாரைகள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. நாரைக்கும் பூவென்று பெயரிட்ட நம் முன்னோரின் கண்களை என்னென்பது! இவ்வேரி மீனவர்களிடையே 'பாடு' என்னும் வழக்கம் தலைமுறைகளாய் நிலவுகின்றது: இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. ஏரி எல்லாருக்கும் வேண்டும். ஆகையால் ஒவ்வொருவரும் காத்திருக்க வேண்டும். மெல்லச் செல்வது சோம்பல் அன்று, பிறருக்கு இடம் விடுதல் என்பதை இம்முறை நமக்கு உணர்த்துகின்றது.

நண்பகலில் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைக் கண்டோம். 1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையின் துணிகளே அவர்களை இங்கு ஈர்த்தன. இக்கரை மணலில் விளைந்த சாயவேரின் சிவப்பால் பூவேலை தீட்டிய துணிகள் கீழைத் தீவுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறின. கோட்டை இன்று இடிபாடு. தொல்லியல் துறையின் காப்பிலுள்ள கல்லறைகளே மிஞ்சியுள்ளன. அவற்றின் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே சிறுமியிடம் அவளுடைய டியூலிப்பின் கதையைச் சொன்னோம். அது துருக்கியிலிருந்து டச்சு நாட்டுக்குச் சென்ற பூ. இக்கோட்டையில் கொடி பறந்த காலத்திலேயே, அவர்களுடைய தாய்நாட்டில் அப்பூவின் கிழங்குக்காக மக்கள் வெறிகொண்டு, ஒரு கிழங்கு ஒரு வீட்டின் விலைக்கு ஏறியது என்னும் அளவுக்குச் சென்றனர். 1637 பிப்ரவரியில் அவ்விலை ஒரேயடியாகச் சரிந்தது. பூவைக் காண்பதற்கும் பூவை விலைபேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவள் புரிந்துகொண்டாள். "அடும்புக்கு யாரும் விலை சொல்லலையே" என்றாள். ஆம், சொல்லவில்லை. விலை இல்லாததனால்தான் அதன்மேல் வண்டி ஓட்டுகிறோம், குப்பை கொட்டுகிறோம், மணலோடு வாரிச் செல்கிறோம்.

நம் நாட்டுச் செடிகளைப் பெயர் சொல்லி அறிவது எளிய தொண்டன்று. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராப்பினாட் தாவரக் காப்பகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு அருட்தந்தை கே. எம். மத்தேயு அவர்கள் அதற்கே தம் வாழ்வை அளித்தார். தமிழகச் சமவெளிகளிலும் குன்றுகளிலும் நடந்து நடந்து செடிகளைத் திரட்டி, 1980-களில் கர்நாடகச் சமவெளித் தாவரங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார், 2004இல் மறைந்தார். அவரைப்போல் ஆயிரக்கணக்கில் நாம் அறிய வேண்டியதில்லை. நம் தெருவிலும் நம் கரையிலும் பூப்பவற்றில் பத்தை அறிந்தாற் போதும். பெயர் தெரிந்த ஒன்றை வெட்டும்பொழுது கை தயங்கும். பெயர் தெரியாததைக் களை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்.

ஞாயிறு மாலை திரும்பும்பொழுது குறிப்பேட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒன்பது பெயர்கள் இருந்தன: எருக்கு, மகிழம், கண்டல், கொன்றை, செம்மயிற்கொன்றை, வாகை, நுணா, பூவரசு, அடும்பு. இவற்றுள் பலவற்றை நமக்குச் சொன்னவர் ஆயா. அவர் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. இத்தகைய மூத்தோர் நம் இல்லந்தோறும் உள்ளனர். பயணம் போகும்பொழுது, "வெயில் தாங்காது, வீட்டிலேயே இருங்கள்" என்று அவர்களை விட்டுச் செல்கிறோம். அவர்களை விட்டுச் செல்லும் பயணத்தில் வழிகாட்டியை விட்டுச் செல்கிறோம் என்பதை உணர்வதில்லை. அவர்கள் அறிந்த பெயர்களை எழுதிக்கொள்ள நமக்குக் கிடைத்திருக்கும் ஆண்டுகள் அதிகமில்லை.

வாசக அன்பர்களே! நீங்களும் செல்ல விரும்பினால் சில சொற்கள். வண்டி வசதி இல்லாதோர் கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டியில் பொன்னேரி வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டை அடையலாம். விடியலில் புறப்படுங்கள், பத்து மணிக்குள் கடற்கரையைப் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் நிழலில் இருங்கள். குடிநீரை வீட்டிலிருந்தே பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் ஒன்றையும் அங்கே விட்டு வராதீர்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் ஆபத்தானது. பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் வண்ணக் கூடைகளில் ஒன்றை வாங்கி வாருங்கள். பயன்படும் பொருள், ஓர் இல்லத்துக்கு உதவியும் ஆகும். மணல்மேட்டில் நடக்கும்பொழுது கொடியை மிதியாமல் நடங்கள். பூவைப் பறிக்க வேண்டாம். அடும்பு மாலைக்குள் வாடிவிடும், கொடியில் விட்டால் நாளை வேறொரு பிள்ளைக்காக இன்னொன்று மலரும்.

செல்ல இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. தண்டையார்பேட்டைத் தெருவிலும் பூவரசு உண்டு. ஒரு மாலை அதன் பூவொன்றில் நூல் கட்டி, பிள்ளைகளோடு விடியும்வரை காத்திருங்கள்.